இரண்டூர் வரத்துக்கால், ஊருணித் திருப்பணி: நிறைவு அறிக்கை

சிவமயம்

நம்மூர் நகரத்தார் குடும்பப் புள்ளிகளுக்கும் பக்கத்தூர் நாட்டார்களுக்கும் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

ஊருணித் தூர்வாரல், படித்துறை, வரத்துக்கால் தண்ணீர் இரண்டூருக்கும் பிரியும் பகுப்புவாய் மூன்றும் முடிந்தன. ஊருணியில் வண்டலை மட்டும் எடுத்தோம். கையில் ஒட்டும் களி தெரிந்ததும் பொக்லைனை நிறுத்திவிட்டோம். 'இன்னும் 2 அடி போனால் என்ன' என்று கேட்டவர்களுக்கு: தண்ணீரைத் தாங்குவது அந்தக் களிதான், அதைக் கிழித்தால் தை மாதமே ஊருணி வற்றும். படித்துறைச் செம்புறாங்கற்களைப் பழைய வரிசையிலேயே வைத்து, 1 பங்கு சுண்ணாம்புக்கு 2 பங்கு மணல் சேர்த்த சாந்தில் கட்டினோம். முன்பு சிமெண்ட் பூசிய வரிசையில்தான் கல் பொரிந்து உதிர்ந்திருந்தது. கல் குடித்த ஈரம் வெளியேற அங்கே வழியில்லை.

பகுப்புவாய்தான் தலைவலி. பழைய மராமத்து ஒன்றில் பக்கத்தூர் வாயின் தளத்தைக் கொத்தாமல் மேலேயே கான்கிரீட் போட்டிருந்தார்கள். அது நம் வாயைவிட 1 அங்குலம் உயர்ந்துவிட்டது. கால் நிறைய ஓடும்போது இது தெரியாது. கடைசித் தண்ணீரில் அவர்கள் தளத்தின்மேல் 2 அங்குலம் ஓடினால் நம் தளத்தின்மேல் 3 அங்குலம் ஓடும். வாயின் அகலத்தில் அடிக்கு அடி ஏறக்குறைய இரட்டிப்பு நம் பக்கம் வந்துவிடும். இரவில் யாரோ அடைக்கிறார்கள் என்ற பேச்செல்லாம் இதில் கிளம்பியதுதான். நகரத்தார் இதை ஒளிக்க வேண்டியதில்லை.

இரண்டு தளத்தையும் கொத்திவிட்டு, குறுக்கே ஒரே கருங்கல் பலகையைப் படுக்கவைத்தோம். நடுவில் தடுப்புக்கல், நமக்கு 2 அடி, பக்கத்தூருக்கு 4 அடி, பழைய விகிதமே. அந்த நீளத்துக்கு ரசமட்டம் போதாதென்று தண்ணீர் நிரப்பிய குழாய்மட்டம் பிடித்தோம். முதல் தடவை கால் அங்குலம் பிசகியது. குழாயில் காற்றுக்குமிழி சிக்கியிருந்தது. வளைவின் உள்பக்கம் மணல் ஒதுங்கி ஒரு வாயை மட்டும் மூடும் என்பதால், வாய்க்கு முன்னே வரத்துக்காலை 30 அடி நேராக்கி ஒரு வண்டல்குழியும் வெட்டியிருக்கிறோம்.

தண்ணீர் உயரம் பார்க்க நட்ட அளவுக்கல் எதற்கு இரண்டு என்று கேட்கிறார்கள். 1996 டிசம்பரில் இந்தியாவும் வங்கதேசமும் 30 ஆண்டுக்குச் செய்த கங்கை உடன்படிக்கையைப் பார்த்துச் செய்தது இது. ஜனவரி 1 முதல் மே 31 வரை 10 நாள் கணக்கில் பங்கு. மேற்கு வங்கத்து ஃபராக்கா அணையில் வரத்து வினாடிக்கு 70,000 கன அடி வரை பாதிப்பாதி. 75,000 வரை வங்கதேசத்துக்கு 35,000. அதற்கு மேல் இந்தியாவுக்கு 40,000, மீதி வங்கதேசத்துக்கு. மார்ச் 11 முதல் மே 10 வரை 10 நாளுக்கொரு முறை இரு நாட்டுக்கும் மாறிமாறி 35,000 உறுதி. 50,000-க்குக் கீழே இறங்கினால் இரு அரசும் உடனே கலந்து பேச வேண்டும். எங்களுக்குப் பிடித்தது இந்தக் கணக்கைவிட அளக்கும் முறை: ஃபராக்காவிலும், எல்லைக்கு அப்பால் ஹார்டிஞ்ச் பாலத்திலும் இரு நாட்டார் சேர்ந்தே தினமும் அளக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. ஆகவே நம் கல் ஒன்று பகுப்புவாயில், மற்றது பக்கத்தூர்க் கண்மாய் வாயில்.

பகுப்புவாய்ப் பலகைமேல் தண்ணீர் 2 அங்குலத்துக்குக் குறைந்தால் பகுப்பு கிடையாது, நாள் விட்டு நாள் முறைத்தண்ணீர். சிறு தண்ணீரைப் பிரித்துவிட்டால் இரண்டு காலிலும் மணலே குடித்துவிடும்.

வரவுசெலவு கோயில் கணக்கில் இருக்கிறது, புள்ளிகள் வந்து பார்க்கலாம். வண்டல்குழியை ஐப்பசிக்கு முன்னும் முதல் வெள்ளத்துக்குப் பின்னும் வார வேண்டும். அளவுக்கல் பார்க்கப் பக்கத்தூர் ஆள் குறித்தாயிற்று. நம் பக்கம் இன்னும் யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. புரட்டாசிக்குள் பெயர் கொடுங்கள்.