எஸ்.எஸ். வேண்டாம் மச்சான்

காட்பாடி
மே 27

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுதாததற்குச் சோம்பேறித்தனம் காரணம் இல்லை, கத்திரி வெயில். பட்டறைத் தகரக் கூரை காலை ஒன்பது மணிக்கே அனலைக் கக்குகிறது. பதினோரு மணிக்கு மேல் ஸ்பேனரைத் துணி சுற்றித்தான் எடுக்க வேண்டும். அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இப்போது வாசலில் உட்கார்ந்துகொண்டு தெருவில் போகிறவன் சட்டையில் எத்தனை பட்டன் இல்லை என்பதுவரை சொல்கிறாள். சின்னவள் பத்தாவது தேறிவிட்டாள். கணக்கில் நீயும் நானும் வாங்கியதைக் கூட்டினாலும் அவள் மார்க் வராது.

சரி, உன் வண்டிக்கு வருகிறேன். காலையில் ஸ்டார்ட் செய்ததும் டர்போ பக்கம், அதாவது புகையின் வேகத்தில் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அமுக்குகிற அந்தச் சக்கரத்தின் பக்கம், டிக் டிக் என்று சத்தம், சூடானதும் குறைந்துவிடுகிறது என்கிறாய். சிலிண்டர்களின் புகையைச் சேர்த்து டர்போவுக்குக் கொண்டுபோகிற மேனிஃபோல்டில் விரிசல் என்று உன் மெக்கானிக் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இரும்பு குளிர்ந்திருக்கும்போது விரிசல் வாய் திறந்திருக்கும், சூடேறி விரிந்ததும் மூடிக்கொள்ளும். அதை இன்ஜினோடு பிடித்திருக்கிற ஸ்டட் போல்ட் உடைந்திருந்தாலும் இதே சத்தம்தான், கழற்றும்போது அதையும் பார்க்கச் சொல். ஒட்டவைக்கலாமா என்று கேட்டிருந்தாய். நிக்கல் ராடு போட்டு, சாம்பலில் புதைத்து மெதுவாக ஆறவைத்து ஒட்டுகிறவர்கள் இங்கே உண்டு. பம்ப் பாடிக்கு அது போதும். பெட்ரோல் டர்போவை முழுசாக மிதித்தால் அந்த இடத்தில் 900 டிகிரியையும் தாண்டும். அங்கே ஒட்டின இடம் நிற்காது, அல்லது அதற்குப் பக்கத்தில் புதுசாக ஒன்று விடும்.

இனி, இதை வாங்கிப் போடலாமா என்று கேட்டு நீ அனுப்பிய படம். நாலு குழாயும் ஒரே நீளத்தில் வளைந்து நெளிந்து ஓரிடத்தில் சேர்கிற எஸ்.எஸ்., அதாவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், மேனிஃபோல்டு. பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. உன்னிடம் இதுவரை சொன்னதில்லை, நானும் இதே மாதிரி ஒன்றைப் பார்த்து மயங்கி, மூன்று வருஷத்துக்கு முன்னால் என் வண்டிக்கு வாங்கிப் போட்டவன்தான். எங்கே வாங்கினேன் என்று கேட்காதே. முதல் மாதம் பானெட்டைத் திறந்து திறந்து ஊருக்கெல்லாம் காட்டினேன். நாலாவது மாதம் வாலாஜா டோல்கேட் தாண்டும்போது வண்டி தகர டப்பா மாதிரி கத்த ஆரம்பித்தது.

கழற்றி எடுத்துப்போய், ராணிப்பேட்டை பெல் (BHEL) தொழிற்சாலையில் வெல்டராக இருந்து ரிட்டயர் ஆன அண்ணன் ஒருவரிடம் காட்டினேன். மூன்றாவது குழாய், இன்ஜினோடு பொருந்துகிற தட்டையான ஃப்ளாஞ்சில் சேருகிற இடத்தில், வெல்டிங்கை ஒட்டினாற்போல், பாதிச் சுற்றுக்குத் தலைமுடி அளவு கோடு. அவர் அந்தக் கோட்டைப் பார்க்கவே இல்லை. செல்போன் டார்ச்சைக் குழாய்க்குள் அடித்து என்னை உள்ளே பார்க்கச் சொன்னார். வெளியே மீன் செதில் மாதிரி அழகாக அடுக்கியிருந்த வெல்டிங்குக்கு உள்பக்கம் கன்னங்கரேல் என்று பொரிப்பொரியாக இருந்தது. “காத்து படாம இருக்க விடுற ஆர்கான் வாயுவை வெளியே மட்டும் விட்டிருக்கான்பா. உள்ளேயும் நிரப்பிட்டுத்தான் எஸ்.எஸ். குழாயை ஒட்டணும். இது வெல்டிங் இல்ல, கருகின சர்க்கரை” என்றார்.

அப்புறம் கேட்டார்: “சூடானா இது எவ்வளவு நீளும்னு கணக்குப் போட்டியா?” பெட்டி அட்டையின் பின்பக்கத்தில் அவரே போட்டுக் காட்டினார். 304 ரக எஸ்.எஸ். ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஒரு மி.மீ.யில் ஆயிரத்தில் 17 பங்கு நீளும். வார்ப்பிரும்பு 12 பக்கம். மேனிஃபோல்டு 40 செ.மீ. என்று வை. 800 டிகிரி ஏறினால் எஸ்.எஸ். ஐந்தரை மி.மீ. நீளும், வார்ப்பிரும்பு நாலு மி.மீ.க்குள் நிற்கும். அது உட்கார்ந்திருக்கிற அலுமினிய இன்ஜின் ஹெட்டோ தண்ணீர் ஓடுவதால் நூறு டிகிரி பக்கமே இருக்கிறது, ஒரு மி.மீ. கூட நகராது. அந்த ஐந்தரை மி.மீ. எங்கே போகும்? பாய்லர் டக்டில் இதற்காகவே இடையில் துருத்தி மாதிரி மடிப்பு வைத்த பெல்லோஸ் வைப்பார்கள். என் மேனிஃபோல்டில் எங்கேயும் இடம் விடவில்லை. ஃப்ளாஞ்சில் ஸ்டட் ஓட்டைகள்கூட இறுக்கம். போதாக்குறைக்கு டர்போவின் மொத்த எடையும் அந்த ஒன்றரை மி.மீ. கனக் குழாயில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. உடையாமல் என்ன செய்யும்?

அதற்காக எஸ்.எஸ்.ஸே மோசம் என்று நான் சொல்ல வரவில்லை. மூன்று மி.மீ. பக்கம் கனமான குழாய், பன்னிரண்டு மி.மீ. ஃப்ளாஞ்ச், நழுவிக்கொடுக்கிற ஜாயின்ட், டர்போவுக்குத் தனியாக ஒரு தாங்கு கை, உள்ளேயும் ஆர்கான், இத்தனையும் இருந்தால் அது நிற்கும். ஆனால் அந்த விலைக்கு நீ கம்பெனி வார்ப்பே இரண்டு வாங்கிவிடலாம்.

பவர் கூடும் என்கிறார்களே என்பாய். டர்போ இல்லாத இன்ஜினில் குழாய் நீளம் பெரிய விஷயம், ஒரு சிலிண்டரின் அலை அடுத்த சிலிண்டரின் புகையை இழுத்துவிடும். உன் வண்டியிலோ குழாய் முடிகிற இடத்திலேயே டர்போவின் டர்பைன் சக்கரம் வழியை மறித்து நிற்கிறது. அதைச் சுற்றுவது புகையின் வேகமும் சூடும். குழாய் நீண்டால் சூடு வெளியே போகும், நிரப்பவேண்டிய இடம் கூடும், மிதித்த பிறகு டர்போ தள்ளத் தொடங்கும்வரை ஆகிற தாமதமான லேக் கூடும். பெரிய டர்போ போட்டு 6,000 ஆர்.பி.எம்.முக்கு மேலேயே ஓட்டுகிறவனுக்கு அந்த நீளக் குழாய் பலன் தரும். உன்னுடையது கம்பெனி போட்ட சின்ன டர்போ. அடைப்பே அதன் டர்பைன் ஹவுசிங்தான். வாசல் சின்னது, அதற்கு முன்னால் தெருவை அகலப்படுத்தி என்ன பிரயோஜனம்?

ஏலகிரி ஞாபகம் இருக்கிறதா? பதினாலு கொண்டை ஊசி வளைவு. பாரதியார் வளைவு தாண்டி நீ வாந்தி எடுத்ததை நான் யாருக்கும் சொல்லவில்லை. போன மாதம் இரவல் வாங்கிய வார்ப்பு மேனிஃபோல்டோடு ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் இரண்டாவது கியர், 1,800 ஆர்.பி.எம்.மிலேயே டர்போ முதுகில் கைவைத்துத் தள்ளியது. எஸ்.எஸ். இருந்தபோது அடுத்த வளைவு கண்ணில் படும்போதுதான் தள்ளத் தொடங்கும். நீ ஓட்டுவதும் ஊருக்குள்ளும் ஊட்டி மலையிலும்தானே, ரேஸ் டிராக்கில் இல்லையே.

புகைக்கு இரண்டு தனி வழி வைத்த ட்வின் ஸ்க்ரோல் டர்போ பற்றியும் கேட்டிருந்தாய். சிலிண்டர்கள் 1-3-4-2 என்ற வரிசையில் எரிகிற இன்ஜினில் 1, 4 ஒரு ஜோடி, 2, 3 இன்னொரு ஜோடி என்று பிரித்துவிட்டால் ஒன்றின் புகை இன்னொன்றை முட்டாது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் டர்போவின் வாயும் இரண்டாகப் பிரிந்திருக்க வேண்டும். உன்னுடையது ஒற்றை வாய், விட்டுவிடு.

ஆகவே அதே மாடல் வார்ப்பையே வாங்கு. டர்போ உட்காரும் இடம் மாறாது, ஆயில் ரிட்டர்ன் குழாய் நேராகக் கீழே இறங்கும், டர்போவிலிருந்து புகை வெளியேறுகிற டவுன்பைப்பில் கை வைக்க வேண்டாம். புதுசு கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் பழசு தேடலாம். ஆனால் சட்டி வாங்குவது போலத் தட்டிப் பார்த்து வாங்கு. கயிற்றில் தொங்கவிட்டுச் சின்னச் சுத்தியால் தட்டினால் கணீர் என்று கேட்க வேண்டும், பொத்தென்று கேட்டால் திருப்பிக் கொடு. வீட்டுக்கு வந்ததும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைத் தடவி அரை மணி நேரம் விட்டுவிடு. கண்ணுக்குத் தெரியாத விரிசலில் போன எண்ணெய் ஊறி வந்து வெள்ளையில் கோடு போடும். ஃப்ளாஞ்ச் நெளிந்திருந்தால் லேத்தில் சமமாக்கிவிடலாம். ஸ்டட், நட், கேஸ்கெட் மூன்றும் புதுசு. நடுவிலிருந்து ஓரத்துக்கு முடுக்கச் சொல். வெப்பத்துணி சுற்ற ஆசைப்படாதே, வார்ப்புக்கு அது சூட்டை இன்னும் ஏற்றிவிடும்.

உன்னுடைய பழைய மேனிஃபோல்டைக் காயலான் கடையில் போட்டுவிடாதே. ஐந்தாறு கிலோதான் இருக்கும். அடுத்த மாதம் கோவை எக்ஸ்பிரஸில் வரும்போது சாக்கில் கட்டிக் கொண்டு வா. எந்த இடத்தில் விட்டிருக்கிறது என்று அந்த அண்ணனுக்கும் பார்க்க ஆசை. அம்மா முள்ளுக் கத்திரிக்காய்க் குழம்பு வைப்பதாகச் சொல்கிறாள். ஸ்டேஷனுக்கு நான் வருகிறேன்.

உன்
ஸ்பேனர்