துண்டு போட்டுப் பார்க்கலாம்

சத்துவாச்சாரி, வேலூர் – 9
10 மே 2026

அன்புள்ள கயல்,

நீ அனுப்பின கார் படங்களை அப்பா டிவியில் போட்டு மூன்று தடவை பார்த்துவிட்டார். நான் ஒரு தடவை பார்த்தேன். சிவப்பு நிறம் அழகு. சீட்டும் நன்றாக இருக்கிறது. ஆனால் நடுவில் நிற்கிற அந்தத் திரையிலேயே என் கண் நின்றுவிட்டது. நம் வீட்டுக்கு முதலில் வந்த போர்ட்டபிள் டிவி அளவுக்கு இருக்கும்போல. போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்பாய், சாயந்திரமே புக் பண்ணிவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். புனேயில் உட்கார்ந்து கார் திரைக்கு மென்பொருள் எழுதுகிறவளே நீதான். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் போய்ச் சொல்வேன்?

முதலில் ஒன்று. பழைய மாருதி 800-ஐக் கட்டிக்கொண்டு அழுகிறேன் என்று நினைக்காதே. அதைக் கொடுக்க நான் தயார். 2006-ல் வாங்கினது. பதினைந்து வருஷம் முடிந்து 2021-ல் எஃப்சி காட்டி ஐந்து வருஷம் நீட்டினோம், வருகிற செப்டம்பரோடு அதுவும் தீர்ந்தது. இருபது வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்கிற கட்டணத்தைப் போன வருஷம் பத்தாயிரம் ரூபாய் ஆக்கிவிட்டார்கள். பணம்கூடப் பெரிதில்லை. அந்தக் காலத்து வண்டியில் ஏர்பேக் கிடையாது, சடன் பிரேக்கில் சக்கரம் இறுகிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் கிடையாது. பெங்களூர் ரோட்டில் இரண்டு பக்கமும் கண்டெய்னர் லாரி வரும்போது அப்பா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வாய்க்குள் ஏதோ சொல்கிறார், கந்த சஷ்டி கவசமாக இருக்கும். பத்திரமான வண்டி வேண்டும் என்று நீ சொல்வது நியாயம்தான். அதில் எனக்குச் சண்டை இல்லை.

ஆனால் போன வாரம் டெஸ்ட் டிரைவ் போனோமே, அதை நான் உனக்கு முழுதாகச் சொல்லவில்லை.

மதியம் இரண்டு மணி. அக்னி நட்சத்திரம். இந்த ஊர் வெயிலைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. கிரீன் சர்க்கிளைத் தாண்டி ஹைவேயில் ஏறினோம். ஷோரூம் தம்பி பக்கத்தில், அப்பா பின்னால். ஸ்டியரிங் பூப்போல் இருந்தது, பொய் சொல்லக்கூடாது. ஏசி காற்று போதவில்லை, கூட்டலாம் என்று கையை நீட்டினேன். நம் வண்டியில் திருகு எங்கே இருக்கிறது என்று என் கைக்கே தெரியும். இங்கே வழவழவென்று கண்ணாடி. எங்கே தொடுவது? குனிந்து பார்த்தால் மேப் ஓடிக்கொண்டிருக்கிறது. விசிறிப் படத்தைத் தேடித் தொட்டால் இன்னொரு பக்கம் திறக்கிறது, அதற்குள் ஒரு கோடு, அந்தக் கோட்டை விரலால் இழுக்க வேண்டுமாம். நிமிர்ந்தால் முன்னால் ஒரு ஷேர் ஆட்டோ ஆளை இறக்கிக்கொண்டு நிற்கிறது. பிரேக் நல்ல பிரேக், நின்றுவிட்டது. அப்புறம் வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். 60 கி.மீ. வேகத்தில் போகிற வண்டி 3 நொடியில் 50 மீட்டர் போய்விடுகிறது. அந்த 50 மீட்டரும் நான் ரோட்டைப் பார்க்கவே இல்லை.

தம்பி பாவம், வியர்த்துவிட்டான். "ஆன்ட்டி, தொடவே வேண்டாம், வாயால் சொன்னால் போதும், தமிழும் புரியும்" என்றான். சரி என்று "ஏசியைக் கொஞ்சம் கூட்டு" என்றேன். திரை யோசித்தது. அப்புறம் ஏதோ ஒரு கூட்டு ரோட்டுக்கு வழி காட்ட ஆரம்பித்தது! அப்பா பின்னால் உட்கார்ந்து சிரித்த சிரிப்பு இருக்கிறதே, இன்னும் அடங்கவில்லை. காய்கறிக் கடையில் நின்றுகூட "கூட்டு" என்று சொல்லிச் சிரிக்கிறார்.

இதைக் கிழவிப் புலம்பல் என்று எடுத்துக்கொள்ளாதே. முப்பத்தேழு வருஷம் விரலை வைத்துச் சாப்பிட்டவள் நான். 1984-ல் தோட்டப்பாளையத்தில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தபோது முதல் வாரம் முழுக்க 'யளனக', 'யளனக' மட்டும்தான், இடது கை விரல் நான்கும் உட்காருகிற விசைகள் அவை. குனிந்து விசையைப் பார்த்தால் சார் திட்ட மாட்டார். தோளில் கிடக்கிற துண்டை எடுத்து என் இரண்டு கையையும் விசைப்பலகையோடு சேர்த்து மூடிவிடுவார். "இப்போ அடிம்மா" என்பார். துண்டுக்குள் விரல் தானாக வழி கண்டுபிடிக்கும். புள்ளி விசையை முதலில் அழுத்தினால் தாள் நகராது, அதன்மேல் 'க' அடித்தால் 'க்' வரும். அதற்கு நகரா விசை என்று பெயர். யாழ்ப்பாணத்து முத்தையா தமிழுக்குத் தட்டச்சு அமைத்ததைச் சார் கதை கதையாகச் சொல்வார். ஒரு மாதம் கழித்துத் துண்டை எடுத்தபோது எனக்கு அது தெரியவே இல்லை, கண் நோட்டில் இருந்தது.

அந்த விரல்தான் கலெக்டர் ஆபீசில் சோறு போட்டது. நான் சேர்ந்தபோது கடிதத்தாளில் 'வட ஆற்காடு மாவட்டம்'. 1989-ல் திருவண்ணாமலை தனியாகப் போனதும் 'வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்'. அப்புறம் 'வேலூர் மாவட்டம்'. 2019-ல் ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும் பிரிந்தன. பேர் மாறியது, எல்லை மாறியது, கலெக்டர்கள் எத்தனையோ பேர் வந்து போனார்கள். 'க' மட்டும் இடது ஆள்காட்டி விரலுக்குக் கீழேயே இருந்தது.

இப்போது வருகிற சாமான்கள் எல்லாம் கண்ணைக் கேட்கின்றன, கயல். என் சண்டை இது ஒன்றுதான். தீபாவளிக்கு நீ வாங்கித் தந்த இண்டக்‌ஷன் அடுப்பையே எடுத்துக்கொள். வேகம், சுத்தம், கேஸ் மிச்சம், எல்லாம் உண்மை. ஆனால் அதற்கும் பட்டன் கிடையாது, கண்ணாடிமேல் எழுத்து. ஒரு நாள் பால் பொங்கி அந்த எழுத்தின்மேலேயே வழிந்துவிட்டது. அடுப்பு கீச் கீச் என்று கத்துகிறது. அணைக்கலாம் என்று தொட்டால் எடுக்கவில்லை. விரல் பட்டால் மின்புலத்தில் வருகிற சின்ன மாற்றத்தை வைத்துத்தான் அது ஆளைக் கண்டுபிடிக்கிறதாம். தண்ணீர் பட்டாலும் அதே மாற்றம். பால் எது, நான் எது என்று அதற்குத் தெரியவில்லை. கடைசியில் சுவரில் பிளக்கைப் பிடுங்கினேன். சமையல்கட்டில் ஈரக்கை இல்லாத பெண்பிள்ளை எந்த ஊரில் இருக்கிறாள்? செய்தவர்கள் ஒரு நாளாவது அதில் பால் காய்ச்சிப் பார்த்திருந்தால் இரண்டு திருகு வைத்திருப்பார்கள்.

புதிது எல்லாமே இப்படி என்று சொல்லவில்லை. கோட்டைக்குள் ஜலகண்டேஸ்வரர் கோயிலுக்குப் போகும்போது நான் பூ வாங்குகிற அம்மாவைப் பார்த்திருக்கிறாய். இரண்டு கையிலும் நார், மடியில் மல்லிகை. முன்பெல்லாம் சில்லறைக்காகக் கட்டுவதை நிறுத்திச் சுருக்குப்பையைத் துழாவுவாள். இப்போது பக்கத்தில் ஒரு சின்னப் பெட்டி. நான் போனில் ஸ்கேன் பண்ணினால் அது "இருபது ரூபாய்" என்று சொல்கிறது. அவள் தலையைத் தூக்குவதே இல்லை, முழம் போட்டுக்கொண்டே "வாம்மா" என்கிறாள். அந்தப் பெட்டியைச் செய்தவன் யாரோ, அவன் கைக்குத் தங்கக் காப்பு போடலாம். காதால் முடிகிற வேலைக்குக் கண்ணைக் கூப்பிடவில்லை பார். பள்ளிகொண்டா டோலில் ஃபாஸ்டேக்கும் அப்படித்தான். 2021 பிப்ரவரியில் கட்டாயம் ஆக்கினபோது முணுமுணுத்தவள்தான் நான். இப்போது நினைப்பே வருவதில்லை.

மென்பொருளில் இந்த வேதனை வேறு மாதிரி. காரில் திரை இருந்தாலும் அதில் ஒவ்வொன்றும் போன மாதம் பார்த்த இடத்திலாவது இருக்கும் என்று நினைத்தேன். நீதான் சொன்னாய், ராத்திரி தூங்கும்போது அதுவும் அப்டேட் ஆகிக்கொள்ளும் என்று. வயிற்றில் புளி கரைத்தது. அப்பாவின் வங்கிச் செயலி கதை உனக்குத் தெரியாது. பென்ஷன் வந்ததா என்று பார்க்க அவர் வலது மூலையில் தொடுவார், பழக்கம். ஒரு நாள் அங்கே இருப்புத்தொகை இல்லை, வேறு எங்கோ தள்ளிவிட்டு அந்த இடத்தில் கடன் விளம்பரத்தை வைத்துவிட்டார்கள். மனுஷன் தொட்டுவிட்டார். அன்றையிலிருந்து ஒரு பெண் தினமும் கூப்பிட்டு "சார், எட்டு லட்சம் வேண்டுமா" என்கிறாள். வீட்டுக்குள் யாரோ வந்து ராத்திரியோடு ராத்திரியாக உப்பு ஜாடியையும் சர்க்கரை ஜாடியையும் மாற்றி வைத்துவிட்டு, 'உங்கள் அனுபவத்தை மேம்படுத்தியிருக்கிறோம்' என்று சீட்டு எழுதி ஒட்டிவிட்டுப் போனால் உனக்கு எப்படி இருக்கும்?

ஆயா சொல்லச் சொல்ல நான் அடித்து வைத்த கைவைத்தியம், பத்தியச் சமையல் எல்லாம் சிடியில் இருந்ததே, நாற்பது பக்கம், 2001-ல் அடித்தது. போன தை மாதம் திறந்தேன். 'அம்மா' என்று இருக்க வேண்டிய இடத்தில் இங்கிலீஷில் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று நிற்கிறது. பக்கம் பூராவும் அப்படி. எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. அந்தக் காலத்து எழுத்துருக்கள் பலவற்றில் இங்கிலீஷ் எழுத்துகளின் இடத்தில்தான் தமிழ் உருவத்தை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்துரு இருந்தால் தமிழ், இல்லாவிட்டால் குப்பை. எந்தக் கம்ப்யூட்டரிலும் தமிழ் தமிழாகவே தெரிகிற ஒருங்குறியை, அதுதான் யூனிகோடை, அரசு ஏற்றதே 2010-ல்தானே. ஆனால் பார், அந்தக் குப்பையிலும் 'எம், கே' என்று பார்த்ததும் விரல் அசைந்தது. கே இருக்கிற இடம் 'ம', அரைப்புள்ளி இருக்கிற இடம் புள்ளி, எச் இருக்கிற இடம் கால். டைப்ரைட்டரில் இருந்த அதே இடங்கள்! ஆயா சொன்ன சுக்குக் கஷாயத்தை இரண்டு வரி விரலாலேயே படித்தேன். மிச்சத்தைப் பொங்குதமிழ் எழுத்துருமாற்றியில் போட்டு எடுத்தேன், அதைச் செய்து இலவசமாகப் போட்டு வைத்தவர் நன்றாக இருக்க வேண்டும். இரண்டு ராத்திரி உட்கார்ந்து பிழை திருத்தினேன். உனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன், திறந்து பார்த்தாயா?

வீட்டுக் கம்ப்யூட்டரைத் தூக்கிப்போடச் சொன்னாயே, போடவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவு போன அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது, இந்தப் பழைய பெட்டியில் 11 ஏறாது என்று நீ சொன்னது சரிதான். மேல்வீட்டில் குடியிருக்கிற பையன், காட்பாடியில் படிக்கிறான், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டுக் கொடுத்தான். கூலி இரண்டு தட்டு பிரியாணி. கடிதம் அடிக்க லிப்ரே ஆஃபீஸ் இருக்கிறது, வருஷச் சந்தா இல்லை. எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் வேறு: தமிழ் விசைப்பலகைப் பட்டியலில் பழைய தட்டச்சு முறையையும் வைத்திருக்கிறார்கள். தமிழ் 99 நல்ல முறைதான், உயிர் இடது கை, மெய் வலது கை என்று யோசித்துச் செய்தது. சின்னப் பிள்ளைகள் அதைத்தான் கற்க வேண்டும். ஆனால் என் விரல் இனிமேல் மாறாது. இந்தக் கடிதமும் அதில் அடித்ததுதான், நாற்பது வருஷத்துக்கு முந்தின 'யளனக'வில்.

உங்கள் தொழிலிலேயே ஆட்கள் யோசிக்க ஆரம்பித்துவிட்டார்கள் போலிருக்கிறதே. அப்பா பேப்பரில் படித்துக் காட்டினார். ஐரோப்பாவில் கார்களை மோதவிட்டு நட்சத்திரம் கொடுக்கிற யூரோ என்கேப், இந்த வருஷத்திலிருந்து இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, வைப்பர், ஹாரன், அவசர அழைப்பு ஐந்துக்கும் கையால் தொட்டு உணர்கிற விசை இருந்தால்தான் முழு மதிப்பெண் என்கிறதாம். வோக்ஸ்வேகன்காரர்களும் முக்கியமான பட்டன்களைத் திரும்பக் கொண்டுவருவதாகப் போன வருஷம் சொல்லியிருக்கிறார்கள். பட்டன் வைத்தால் செலவு, திரை வைத்தால் ஒரே திரையில் எல்லாம் அடங்கிவிடும் என்று நீ முன்பு ஒரு தடவை சொன்னாய். மிச்சமாகிற காசு யாருக்கு என்று மட்டும் அப்போது கேட்க மறந்துவிட்டேன்.

அதனால் கண்ணு, டாப் மாடல் வேண்டாம். அதே கார்தான், இரண்டு படி கீழே இருக்கிற மாடலில் ஏசிக்குத் திருகு இருக்கிறது என்று ஷோரூம் தம்பி ஒப்புக்கொண்டான். ஏர்பேக் இதிலும் ஆறு. திரை சின்னது, பாட்டுக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் போதும். ரிவர்ஸ் கேமரா எனக்குக் கட்டாயம் வேண்டும், நம் சந்தில் திருப்பும்போது கழுத்து வலிக்கிறது. மேலே சூரியக் கூரை எதற்கு? வேலூரில் சூரியனைப் பார்க்கக் கூரையைத் திறக்க வேண்டுமா?

ஜூன் முதல் வாரம் நீ வந்தபிறகு புக் பண்ணலாம். தம்பியிடம் சொல்லி வைத்திருக்கிறேன்: வண்டியை ஓரமாக நிறுத்து, நான் ஒரு துண்டு கொண்டுவருவேன், டேஷ்போர்டை மூடிவிட்டு வைப்பர், ஹசார்ட், ஏசி, கண்ணாடிப் பனி நீக்குவது நான்கையும் கண்டுபிடிப்பேன், நான்கும் கைக்கு வந்தால் அட்வான்ஸ் என்று. அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். நீ பக்கத்தில் உட்கார்ந்து மணி பார்.

இலவம்பாடி முள்ளுக்கத்தரி நல்லதாகக் கிடைத்தால் வாங்கி வைக்கிறேன், நீ வரும் அன்றைக்கு எண்ணெய்க் கத்தரிக்காய். கேஸ் அடுப்பில்தான்.

அன்புடன்,
அம்மா

பி.கு. அந்த எட்டு லட்சப் பெண் இன்றைக்கும் கூப்பிட்டாள். "கூட்டு" கதையை அப்பா அவளிடமும் சொல்லிவிட்டார்.