மேற்கு ஆப்பிரிக்க மொழிகளோட தொனி வெறும் ராகம் கிடையாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்க மொழிகளப் பத்தி தமிழ்ல யார் எழுதினாலும் 'பாட்டு மாதிரி ஏத்தி இறக்கிப் பேசுவாங்க'ன்னு ஒரு வரில முடிச்சிடறாங்க, உங்க மொழிப் பக்கத்துலயும் அதேதான் படிக்கிறேன். கொஞ்சம் விவரம் தெரிஞ்சவங்க, தொனிய, அதாவது குரலோட உயரத்த, மாத்தினா சொல்லுக்கு வேற அர்த்தம் வரும்னு சேத்துக்குவாங்க. அது சரி, ஆனா பாதிதான். மேற்கு ஆப்பிரிக்கால நிறைய மொழிகள்ல தொனி வாக்கிய அமைப்புக்குள்ளயே போய் இலக்கண வேலை செய்யுது, அத யாருமே எழுதறதில்லங்கறதுதான் என் ஆதங்கம்.

நைஜீரியால பேசற இக்போவ எடுத்துக்குங்க. அவன், அவள், அது எல்லாத்துக்கும் 'ஓ'ன்னு ஒரே சொல்தான், அதுக்குப் பின்னாடி 'வா'ங்கற வினை வரும்போது அந்த 'ஓ'வ உயர்ந்த தொனில சொன்னா 'வந்தான்', தாழ்த்திச் சொன்னா 'வந்தானா?'. நமக்கு கடைசில ஒட்டற 'ஆ' செய்யற வேலைய அங்க எழுவாயோட தொனி செய்யுது. சரி, எழுவாய் ஒரு ஆளோட பேரா இருந்தா என்ன பண்ணுவாங்க? பேர தொடமாட்டாங்க, பேருக்கும் வினைக்கும் நடுவுல அந்த 'ஓ'வ தாழ்ந்த தொனில கொண்டுவந்து வச்சிடுவாங்க. தொனி உக்கார ஒரு இடம் வேணும்னு வாக்கியமே ஒரு சொல்ல கூட்டிக்குது பாருங்க, இது எனக்கு எப்ப நினைச்சாலும் ஆச்சரியம்தான்.

மாலி நாட்டு பம்பாரா இன்னும் நுட்பம். பேர்ச்சொல் குறிப்பிட்ட ஒண்ணத்தான் சொல்லுதுன்னு காட்டறது அங்க ஒரு தாழ்ந்த தொனி மட்டுமே, அதுக்கு எழுத்தும் கிடையாது அசையும் கிடையாது, தனியா காதுல விழவும் விழாது, அடுத்து வர்ற உயர்ந்த தொனிய ஒரு படி கீழ இறக்கிவிடும், அத வச்சுத்தான் அது இருக்குன்னே தெரியும். 'முசோ தெ யான்'னு எழுதினா ரெண்டு அர்த்தம் இருக்கு, அந்த தாழ்ந்த தொனி இருந்தா 'அந்தப் பொண்ணு இங்க இல்ல', இல்லாட்டி 'இங்க பொண்ணே யாரும் இல்ல'.

அதே மாலில பாண்டியாகரா பக்கம் பேசற டோகோன் மொழிகள்ல பெயரடையோ சுட்டுச்சொல்லோ சேர்ந்தா பேர்ச்சொல்லோட சொந்த தொனி போயிடும், சேர்ந்த சொல் குடுக்கற தொனிதான் நிக்கும். எண் சேர்ந்தா மட்டும் ஒண்ணும் ஆகாது. மொழியியலாளர்கள் ஜெஃப்ரி ஹீத், லாரா மெக்ஃபர்சன் ரெண்டு பேரும் 2013ல எழுதின கட்டுரைல சொன்ன காரணம் அழகானது: 'அந்த', 'கறுப்பு' மாதிரி சொற்கள் எதச் சொல்றோம்னு குறுக்கிக் காட்டுது, 'மூணு' எத்தனைன்னு மட்டும் சொல்லுது, அதான் இந்த வித்தியாசம்.

கேள்வின்னா கடைசில குரல் ஏறணும், அது மனுஷ இயல்புன்னு நிறைய பேர் நம்புறாங்க. மொழியியலாளர் ஆனி ரியாலாண்ட் 2007ல ஆப்பிரிக்க மொழிகளோட கேள்விகள ஒப்பிட்டுப் பாத்து எழுதினதுல, கானா, புர்கினா ஃபாசோ பக்கத்து மொழிகள் பலதுல குரல் இறங்குது, கடைசி உயிர் நீளுது, மூச்சோட தளர்ந்து முடியுதுன்னு காட்டியிருக்காங்க.

அதுக்காக அங்க எல்லாமே தொனிதான்னும் எழுதிடக்கூடாது. செனகல்ல பேசற வோலோஃப் தொனி மொழியே இல்ல. 'நான்தான்', 'அதத்தான்'னு நாம அழுத்தற இடத்துல வோலோஃப்ல வினையோட வடிவம் மாறும், குரல உசத்த வேண்டியதில்ல.

இக்போ, பம்பாரா, நைஜீரியா, நைஜர் பக்கம் பேசற இன்னொரு தொனி மொழியான ஹௌசா இதெல்லாம் தினசரி எழுத்துல பெரும்பாலும் தொனிக்குறி இல்லாமத்தான் எழுதறாங்க. தெரிஞ்சவங்க சூழல வச்சு புரிஞ்சுக்குவாங்க, ஆனா எழுத்த மட்டும் பாத்துட்டு 'இலக்கணம் ரொம்ப எளிமை'ன்னு முடிவு கட்டறவங்களும், எழுத்த மட்டும் வச்சுப் பழக்கற மொழிபெயர்ப்பு மென்பொருளும் அந்த இலக்கணத்த அப்படியே தவற விடுது, இது சின்ன விஷயமில்ல.

அதனால ஒரு கோரிக்கை. இனிமே இந்த மொழிகளப் பத்தி போடும்போது 'ஆப்பிரிக்க மொழி'ன்னு மொத்தமா சொல்லாம எந்த மொழி, எந்த நாடுன்னு எழுதுங்க, தொனி வாக்கியத்துல என்ன பண்ணுதுன்னு ஒரு உதாரணமாவது குடுங்க, உங்க இணையதளத்துல அந்த மொழிக்காரங்க பேசின ஒலிப்பதிவும் சேத்துப் போட்டீங்கன்னா படிக்கிறவங்க காதாலயே கேட்டுத் தெரிஞ்சுக்குவாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகர்