கடை போடும் முன்னால் இதைப் படி

பாஸ்கர்,

வீட்டில் எல்லோரும் சௌக்கியம், அம்மாவுக்கு முழங்கால் வலி பழையபடிதான். நீ பிரியாணிக் கடை போடப் போகிறாய் என்று மணி சொன்னான், ஹாஸ்டலில் உப்புமா கிண்டிய அதே கையா என்று இருவரும் சிரித்தோம். சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் எங்கள் தெருமுனைக் கடைக்கு உணவுப் பாதுகாப்பு அலுவலர் சோதனைக்கு வந்தார், சாட்சிக்கு ஆள் வேண்டும் என்றதும் நான் போய் நின்றேன். அதிலிருந்து உனக்கு எழுதியே ஆக வேண்டும் என்று இருக்கிறது.

ஃப்ரீசரைத் திறந்தால் கோழிக்கறி ஒரே பாளமாக இறுகி, ஓரத்தில் பச்சை பூத்து, அடியில் ரத்தத் தண்ணீர் கட்டிக் கிடக்கிறது. கரண்ட் போய்ப் போய் வந்ததில் உருகி உருகி உறைந்திருக்கிறது. எடை போட்டு எழுதி, முதலாளியிடம் கையெழுத்து வாங்கி, பினாயிலை ஊற்றிக் குப்பை வண்டியில் ஏற்றினார்கள். யாரும் எடுத்து அலசிச் சமைத்துவிடக் கூடாதே, அதற்குத்தான் பினாயில். டிவியில் நமக்குக் காட்டுவது இதோடு சரி.

ஆனால் விஷயமே அதற்கு அப்புறம்தான். பக்கத்து டிரேயில் செக்கச்செவேலென்று மசாலா தடவிய சிக்கன் இருந்தது. அதில் மாதிரி எடுத்து, நான்கு பங்காகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் கடைக்காரர் கையெழுத்தோடு சீல் வைத்தார்கள். ஒரு பங்கு அரசு ஆய்வகத்துக்குப் போகும், 14 நாளில் அறிக்கை வர வேண்டும். கடைக்காரர் கேட்டால் இன்னொரு பங்கை அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கும் அனுப்பலாம். தரக்குறைவு என்று வந்தால் டிஆர்ஓ, அதாவது மாவட்ட வருவாய் அலுவலர், விசாரித்து 5 லட்சம் வரை அபராதம் போடலாம், பாதுகாப்பற்றது என்று வந்தால் கோர்ட்டு, ஜெயில். 2024 பிப்ரவரியில் பஞ்சுமிட்டாயைத் தடை செய்தார்களே, அதுவும் மாதிரியில் துணிக்குப் போடும் ரோடமின்-பி சாயம் இருப்பது தெரிந்ததால்தான். மாதிரியே எடுக்காமல் கொட்டி அழித்துவிட்டு மட்டும் போனால், கடைக்காரனுக்கு ஒரு நாள் சரக்கு நஷ்டம், அவ்வளவுதான்.

எனக்கு ஆத்திரமாக வருவது வேறு ஒன்று. 2023-இல் நாமக்கல்லில் ஷவர்மா சாப்பிட்ட 14 வயசுப் பெண் குழந்தை செத்துப்போனதும் ஊர் ஊராக ஷவர்மா கடைகளில் சோதனை நடத்தினார்கள். கெட்டுப்போன உணவால் உயிர் போனால் குறைந்தது 7 வருஷம், ஆயுள் வரைக்கும் தண்டனை என்று சட்டம் இருக்கிறது, இருந்து என்ன, அந்தத் தாய்க்குப் பிள்ளை வருமா? உயிர் போன பிறகு ஓடுகிற ஓட்டத்தை மாசாமாசம் கொஞ்சம் நடந்தால் போதாதா?

நீ முதல் நாளிலிருந்தே ஒழுங்காக இரு. சூடாக வைப்பது 60 டிகிரிக்குக் கீழே இறங்கக் கூடாது, குளிரில் வைப்பது 5 டிகிரிக்கு மேலே ஏறக் கூடாது. சிக்கனுக்கு மிளகாய்த்தூள் நிறமே போதும், கலர்ப்பொடியைக் கடைக்குள்ளேயே விடாதே. மிச்சமானதை மறுநாளைக்கு எடுத்து வைக்காதே. முக்கியமாக, உங்கள் ஊர் கரண்டை நம்பி ஃப்ரீசர் வாங்காதே. ஜெனரேட்டருக்குப் பணம் பற்றவில்லை என்றால் கூச்சப்படாமல் சொல், சீட்டுப் பணம் அடுத்த மாசம் வருகிறது, அதுவரை திறப்பு விழாவைத் தள்ளிப் போடு.

உன்,
ரவி