பெயரைத் தமிழில் எழுதிப் பார்த்துவிட்டு வையுங்கள்

ஆசிரியருக்கு,

தொட்டில் போடும் நாளில் குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லும் பெயர் ஒன்று, பிறகு பள்ளியில் வருகைப்பதிவு எடுக்கையில் கூப்பிடும் பெயர் வேறொன்று. டெல்டா கிராமங்களில்கூட இது சகஜமாகிவிட்டது. வாத்தியாரைக் குறை சொல்லிப் பயனில்லை; எழுதியிருப்பதைத்தான் அவர் படிக்கிறார்.

பாபநாசம் என்று எழுதுகிறோம். முதல் 'ப' வன்மையாகவும் அடுத்த 'ப' மென்மையாகவும் ஒலிக்கின்றன. கும்பகோணத்தில் 'ம்'முக்குப் பின் வரும் 'ப' மெலிகிறது; நாகப்பட்டினத்தில் இரட்டிப்பதால் வன்மை குறையவில்லை. யாரும் சொல்லித்தராமலே சரியாகப் படிக்கிறோம், ஒலியைத் தீர்மானிப்பது எழுத்து நிற்கும் இடம் என்பதால். க, ட, த மூன்றுக்கும் ஏறக்குறைய இதே கணக்குதான்.

பவ்யா, தியா போன்ற பெயர்களில் பெற்றோர் நினைப்பது மெல்லோசையில் தொடங்கும் பெயரை. தமிழில் எழுதியதும் பாட்டி 'பழம்' போலப் பவ்யாவையும் 'திருவாரூர்' போலத் தியாவையும் படிப்பார். அவர் படிப்பதுதான் சரி. கணேசனும் கோவிந்தனும் பாலுவும் தப்பித்தது தலைமுறை தலைமுறையான காதுப் பழக்கத்தால். புதுப்பெயருக்கு அந்தச் சலுகை கிடையாது. பழக்கம் எதிர்ப்பக்கமும் இழுக்கும்: காற்று என்று பொருள்படும் பவனை, ஓட்டல் பலகையில் பார்த்த மெல்லோசைப் பவனாகவே படிக்கிறார்கள். கிரந்தமும் கைகொடுக்காது. அது ஜ, ஷ, ஸ, ஹ தரும். இந்த மெல்லோசைகளுக்குத் தமிழில் தனி எழுத்தே புழக்கத்தில் இல்லை.

பெயரின் கடைசி எழுத்தையும் பாருங்கள். வல்லின மெய்யில் தமிழ்ச்சொல் முடியாது. ரித்விக் என்று வைத்தால் நாக்கு தானாக ஓர் உகரத்தைச் சேர்த்து 'ரித்விக்கு' ஆக்கும். "ரித்விக்குப் பசிக்குது" என்றால் பிள்ளையின் பெயர் ரித்வி என்றுதான் கேட்பவர் நினைப்பார். 'ரித்விக்குக்கு' என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஆங்கில எழுத்துக்கூட்டல் இன்னொரு கண்ணி. ல, ள, ழ மூன்றையும் குறில் நெடிலையும் அது ஒழுங்காகப் பிரித்துக் காட்டாது. (அதன் இரண்டு 'டி'களையும் நாம் ஒரே 'டி'யாக எழுதுவது அதற்குப் பழிக்குப் பழி.) யாழினிக்கு 'எல்' போட்டால், அதைப் பார்த்துத் தமிழில் தட்டச்சு செய்பவர் 'யாலினி' ஆக்கிவிடுவார். 'இசட்' போட்டு 'எச்' விட்டுப்போனால் வெளிமாநிலத்தில் ழகரம் போயே போச்சு. நம்மூர் லதாவுக்கு 'எச்' உண்டு, வடநாட்டு லதாவுக்கு இல்லை. எண்கணிதத்துக்காகக் கவினுக்கு இன்னொரு 'ஏ' சேர்த்தால் அவன் காவின். அதிர்ஷ்டம் வருமோ என்னவோ, துணைக்கால் வந்துவிடும்.

அவசரப்படத் தேவையில்லை. 1969-ஆம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி பிறப்பை 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். ஆனால் பெயர் இல்லாமலும் பதியலாம். பெயரை 12 மாதங்களுக்குள் கட்டணமின்றியும், அதன்பின் 15 ஆண்டுகள் வரை கட்டணம் கட்டியும் சேர்க்கலாம். 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, ஓட்டுநர் உரிமம், வாக்காளர் பட்டியல் எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழே பிறந்த தேதிக்கு ஆதாரம். அதில் விழும் எழுத்துப்பிழை அத்தனையிலும் தொடரும்.

முதலில் தமிழில் எழுதி, அந்தப் பெயரைக் கேட்டிராத மூன்று பேரிடம் வாசிக்கக் கொடுங்கள். மூவரும் நீங்கள் நினைத்தபடி படித்தால் அப்புறம் ஆங்கிலத்துக்குப் போங்கள். பதிவு அலுவலகத்தில் பெயரை வாயால் சொல்லாதீர்கள். இரண்டு மொழியிலும் பெரிய எழுத்தில் எழுதிய தாளைக் கொடுங்கள். அச்சாகும் முன் திரையில் துணைக்காலையும் ழகரத்தையும் விரல் வைத்துச் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
தமிழாசிரியர்கள் சிலர்,
குடவாசல்.