1918 பருவத்தின் கணக்கை நேராக்கக் கைகொடுத்தவர்களுக்கு

அன்பு நண்பர்களே, வணக்கம்.

1918 பருவத்தின் ஆட்டக் கணக்குகளைப் பழைய பத்திரிகைகளிலிருந்து திரட்டிச் சரிபார்க்கும் எங்கள் வேலைக்கு நீங்கள் கைகொடுத்தீர்கள். முதல் உலகப் போர் நடந்த 1918இல் அமெரிக்க மைனர் லீக் (முதல்நிலை லீக்குகளுக்கு அடுத்த நிலை) பேஸ்பால் பட்ட பாடு சாதாரணமல்ல. ‘வேலை செய், இல்லையேல் போருக்குப் போ’ என்ற ஆணை மே மாதம் வந்தது. பேஸ்பால் அத்தியாவசியத் தொழில் அல்ல என்று போர்த் துறைச் செயலர் நியூட்டன் பேக்கர் ஜூலையில் முடிவு சொன்னார். லீக்குகள் ஒவ்வொன்றாக மூட்டை கட்டின. பருவத்தை முழுக்க ஆடி முடித்தது இன்டர்நேஷனல் லீக் ஒன்றுதான். அதிலும் டொராண்டோ அணிக்கு 88 வெற்றி, 39 தோல்வி; பிங்காம்டனுக்கு 85 வெற்றி, 38 தோல்வி. டொராண்டோவின் ஒரே ஒரு வெற்றியைத் தோல்வியாக மாற்றிப் பதிந்துவிட்டால், வெற்றி விகிதப்படி முதலிடமே கைமாறிவிடும்.

பழைய பத்திரிகைப் பக்கங்களைச் சிறிதாகப் படமெடுத்து வைத்த மைக்ரோஃபிலிமை ஸ்கேன் செய்து அனுப்பிய நூலகர்களுக்கு முதல் நன்றி. மை அப்பிய 3, பார்வைக்கு 8 ஆகிவிடும். அந்தப் பக்கங்களை வெளிச்சத்தை மாற்றி மறுபடி எடுத்துத் தந்தீர்கள்.

ஒவ்வோர் ஆட்டத்தின் கணக்கையும் அட்டவணையாகத் தரும் பாக்ஸ் ஸ்கோர்களைக் கூட்டிப் பார்த்தவர்களுக்கு எத்தனை நன்றி சொன்னாலும் தகும். ஓர் அணியின் அட்-பேட் (கணக்கில் சேரும் மட்டை வாய்ப்பு), வாக் (நான்கு தவறான வீச்சுகளால் இலவசமாகக் கிடைக்கும் பேஸ்), சாக்ரிஃபைஸ் (தான் அவுட் ஆகிச் சக வீரரை முன்னேற்றுவது), வீசிய பந்து உடலில் பட்டு பேஸுக்குப் போனவர்கள் ஆகியவற்றின் கூட்டுத்தொகை, அதன் ரன், ரன் எடுக்காமல் பேஸில் நின்றுபோனவர்கள், எதிரணியின் புட்அவுட் (எதிரணி எடுத்த அவுட்கள்) ஆகியவற்றின் கூட்டுத்தொகையோடு ஒத்துப்போக வேண்டும். உதாரணமாக 34+3+2+1=40; 5+8+27=40. ஒன்று இடித்தால், அட்டவணையின் அடிக்குறிப்பில் ஒரு வாக் விட்டுப்போயிருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அன்று சாக்ரிஃபைஸ் ஃப்ளைக்கும் (உயர அடித்துப் பிடிபடுவது) பன்ட்டுக்கும் (மெல்லத் தட்டிவிடுவது) ஒரே கணக்கு என்பதால் இரண்டையும் பிரிக்கக் கூடாது. ஹிட்டும் (பேஸைச் சேர்த்த அடி) எரரும் (ஃபீல்டரின் தவறு) இந்தக் கணக்குக்குள் வராது. அந்த எண்களில் உள்ள பிழைகளை அட்டவணைப் பத்தியின் அடியில் உள்ள கூட்டுத்தொகைதான் காட்டிக்கொடுக்கும்.

பெயர்களைத் துலக்கியவர்களுக்குத் தனி நன்றி. பத்திரிகையில் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும், அதையும் நடுவில் வெட்டியிருப்பார்கள். ஆட்டக்காரர்கள் பருவத்தின் நடுவிலேயே ராணுவத்துக்கும் கப்பல் கட்டும் தளங்களுக்கும் போய்விட, புதுப் பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. ராணுவப் பதிவு அட்டையில் ஆட்டக்காரர் தன் கையால் போட்ட கையெழுத்தைத் தேடி எடுத்து, எழுத்துக்கூட்டலை உறுதி செய்தீர்கள்.

இன்டர்நேஷனல் லீக்கின் சிரக்யூஸ் அணி பருவத்தின் நடுவில் ஹாமில்டனுக்கு இடம் மாறியது. இரு ஊர்ப் பத்திரிகைகளையும் பார்த்து அந்தக் கணக்கை ஒட்டித் தந்தவர்களுக்கும் எங்கள் நன்றி.

பேஸில் நின்றுபோனவர்களின் எண் அச்சாகாத ஆட்டங்கள் இன்னும் மிச்சமிருக்கின்றன. பழைய பத்திரிகை நறுக்குகள் வைத்திருப்பவர்கள் படம் எடுக்கும்போது அடிக்குறிப்பு வெட்டுப்படாமல், பத்திரிகைத் தேதியும் தெரியும்படி எடுத்து அனுப்புங்கள்.