சின்சாகா மருந்தல்ல, சாப்பாடு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆப்பிரிக்கக் கீரைகள் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நல்ல கட்டுரைதான், ஆனால் சின்சாகா என்ற கீரையை 'அதிசய மூலிகை' என்று தலைப்பிலேயே தூக்கி வைத்தது தேவையில்லாத வேலை. இப்படித் தலைப்புப் போட்டால் அடுத்த மாதமே யாராவது அதைப் பொடியாக்கி டப்பாவில் அடைத்து விற்க வந்துவிடுவார்கள்.

கென்யாவின் கீசீ மக்களுக்கு அது அன்றாடக் கீரை. பிள்ளை பெற்றவர்களுக்கும் ரத்தம் அதிகம் போனவர்களுக்கும் தெம்பு வரட்டும் என்று சமைத்துக் கொடுப்பார்கள். அதற்குக் காரணமும் இருக்கிறது: 100 கிராம் பச்சை இலையில் சுமார் 5 கிராம் புரதம், 280 மில்லிகிராமுக்கு மேல் கால்சியம், கூடவே இரும்புச்சத்தும் பீட்டா கரோட்டினும். முட்டைக்கோஸில் கால்சியம் 40 மில்லிகிராம் அளவுதான். ஆனாலும் நைரோபியில் ரொம்பக் காலம் முட்டைக்கோஸுக்குத்தான் மரியாதை, சின்சாகா ஏழைகள் தின்னும் களை. ஜோமோ கென்யாட்டா வேளாண் பல்கலைக்கழகப் பேராசிரியர் மேரி அபுகுட்சா ஒன்யாங்கோ போன்றவர்கள் விதை, சாகுபடி, சமையல் என்று வருடக்கணக்கில் மெனக்கெட்ட பிறகுதான் இந்த மாதிரி நாட்டுக் கீரைகள் சூப்பர் மார்க்கெட் வரை வந்தன. அவர் பெயர் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லையே!

சமையலைப் பற்றியும் பேச்சே இல்லை. இந்த இலை நல்ல கசப்பு. அதனால் நெடுநேரம் வேகவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, பால் ஊற்றி ஒரு ராத்திரி ஊறவைப்பது அங்குள்ள பழக்கம். தண்ணீரோடு வைட்டமின் சி பெரும்பாலும் போய்விடும். ஆனால் பாலில் உள்ள கொழுப்பு கரோட்டின் உடம்பில் சேர உதவும். பச்சை இலைக்குச் சொல்லும் கணக்கை அப்படியே தட்டில் இருக்கும் கீரைக்கும் சொல்லக் கூடாது.

அப்புறம், இந்தச் செடிக்காக நாம் கென்யாவைத் தேடிப் போக வேண்டாம். நம் வரப்போரம் முளைக்கிற நல்வேளைதான் அது, தைவேளை என்றும் சொல்வார்கள். வேளையின் வெள்ளைப் பூவைத் தயிரில் போட்டு ஆய்மகள் (இடையர் வீட்டுப் பெண்) சமைத்த புளிங்கூழைக் கோப்பெருஞ்சோழன் புறநானூற்றில் (215) பாடியிருக்கிறான். அங்கே பால், இங்கே தயிர்.

காதுவலிக்கு இலைச்சாறு விடுகிற பழக்கம் இரண்டு பக்கமும் உண்டு. பழக்கம் இருக்கிறது என்பதற்காகக் குழந்தைகள் காதில் பிழிந்துவிடாதீர்கள், டாக்டரிடம் காட்டுங்கள். கீரையாகச் சாப்பிட ஆசைப்படுகிறவர்கள் வெள்ளைப் பூ பூக்கிற செடியாகப் பார்த்துப் பறியுங்கள். மஞ்சள் பூ என்றால் அது நாய்வேளை, வேறு செடி.

இப்படிக்கு,
ஒரு வாசகி, விருதுநகர்